இரண்டு டெராபைட்டுக்கு அப்பால்

நான் முன்பு கொம்பியூட்டர் திருத்திய கடைக்குப் புதிதாக வேலைக்கு வந்திருக்கிற நீங்கள் என்னை வந்து கதைக்கச் சொல்லிக் கேட்டபோது, என்ன கதைப்பது என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்த சாமான்கள் எல்லாம் இப்போது பழசு. நான் வேலையை விட்டு வேலணையில் வீட்டோடு இருக்கத் தொடங்கிய பிறகு வந்த ஹார்ட் டிஸ்க்குகளைக் கையால் தொட்டதுகூட இல்லை. ஆகவே எப்படித் திருத்துவது என்று சொல்லப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கெட்டுப்போன டிஸ்க் ஒன்று மேசையில் இருக்க, அதைக் கொண்டுவந்தவர் முன்னால் நின்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது? அதைப் பற்றி எனக்கு நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

கொம்பியூட்டருக்கு வெளியில் வயரால் கொழுவுகிற டிஸ்க்கின் கேசிங்கை வெறும் பெட்டி என்றுதான் சனம் நினைக்கிறது. அதற்குள் விரல் அகலத்தில் ஒரு சர்க்கிட் போர்ட் இருக்கிறது. எந்த இடத்தில் எழுதுவது, எந்த இடத்தில் வாசிப்பது என்று டிஸ்க்குக்கு இலக்கம் சொல்வது அந்தப் போர்ட்தான். பழைய போர்ட்டுகள் சிலவற்றுக்கு இரண்டு டெராபைட் வரைக்கும்தான் எண்ணத் தெரியும். அதைவிடப் பெரிய டிஸ்க்கைப் போட்டால் பெரும்பாலானவை டிஸ்க்கைக் காட்டாது, அல்லது அளவைக் குறைத்துக் காட்டும். அப்படி முரண்டு பிடிப்பவை நல்லவை. வேறு சில இருக்கின்றன. நாலு டெராபைட் என்று முழு அளவையும் காட்டும், இரண்டு வரைக்கும் ஒழுங்காக எழுதும், அதைத் தாண்டியதும் மோட்டார் சைக்கிள் மீற்றர் ஒன்பதெல்லாம் முடிந்து பூச்சியத்துக்கு வருவதுபோல முதலிலிருந்து எண்ணத் தொடங்கும். புதிதாக எழுதுவது டிஸ்க்கின் தலைப்பகுதியில், ஏற்கனவே இருப்பதற்கு மேலே போய் விழும். எழுதுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. கொம்பியூட்டரும் வேலை முடிந்தது என்றுதான் சொல்லும்.

அப்படி ஒரு கேசிங்கை ஒரு துவாயில் சுற்றிக்கொண்டு ராசன் அண்ணை ஒருநாள் காலமை கடைக்கு வந்தார்.

ராசன் அண்ணை நாரந்தனை ஆள். செத்தவீடு வீடியோ எடுப்பதுதான் அவருடைய தொழில். கலியாணம், சாமத்தியவீடு எடுக்கப் பட்டணத்தில் பெரிய பெரிய ஸ்ரூடியோக்கள் இருக்கின்றன. செத்தவீட்டுக்கு, அதுவும் தீவுப் பக்கத்துக்கு, அழைத்த உடனே வரக்கூடியவர் அவர் ஒருவர்தான். பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். வர முடியாதவர்களுக்கு வீடியோதான் செத்தவீடு. ஊர்காவற்றுறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு என்று எங்கு யார் கண்ணை மூடினாலும், ஐயருக்கு அடுத்ததாக அவருக்குத்தான் தகவல் போகும். எடுத்தது எதையும் அவர் அழித்ததில்லை. பத்து வருடம் கழித்தும் யாராவது பாரிஸிலிருந்தோ கனடாவிலிருந்தோ போன் எடுத்து, "அண்ணை, அப்பாவின்ர வீடியோ இருக்குதோ?" என்று கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"தங்கச்சி, இதை ஒருக்காப் பாரும்," என்று துவாயை விரித்தார். "நேற்றுவரைக்கும் நல்லா வேலை செய்தது. இண்டைக்குக் கொழுவினா ஃபோர்மட் பண்ணச் சொல்லிக் கேக்குது."

"நீங்கள் ஏதும் அமத்தினீங்களோ?"

"இல்லை. பயத்தில வயரைக் கழட்டிப்போட்டு அப்பிடியே வந்திட்டன்."

"நல்ல காரியம். கேசிங் புதுசோ, பழசோ?"

"கேசிங் பழசு. இத்தினை வருசத்தில ஒரு பிழையும் விட்டதில்லை. டிஸ்க் நிரம்பிப் போச்செண்டு போன வருசம் டிஸ்க்கை மட்டும் பெரிசா மாத்தினனான்."

அதைக் கேட்டதுமே எனக்கு விளங்கிவிட்டது. பழைய டிஸ்க் எங்கே என்று கேட்டேன். எல்லாவற்றையும் புதியதில் ஏற்றிவிட்டுப் பழையதை மருமகனின் கடைக் காவல் கமராவுக்குக் கொடுத்துவிட்டாராம். கமரா இரவு பகலாக எழுதிக்கொண்டேயிருக்கும் சாமான். அதில் பழையது எதுவும் மிஞ்சியிருக்காது.

"அந்தப் பெட்டியிலேயே திரும்பக் கொழுவி, ரிப்பெயர் எண்டு வருகுதே, அதை ஒருக்கா அமத்திப் பார்க்கேலாதோ?" என்றார். "மருமகன் அப்பிடித்தான் சொல்லுறான்."

"ஏலாது அண்ணை. ரிப்பெயர் எண்டாலும் அது டிஸ்க்கில எழுதுறதுதான். எண்ணத் தெரியாத போர்ட் எங்க கொண்டுபோய் எழுதுமோ ஆருக்குத் தெரியும்? முதல்ல இதைக் கழட்டி, நேராக் கொழுவி, ஒரு எழுத்தும் எழுதாமல் முழுசா ஒரு பிரதி எடுக்கவேணும். பிறகு பிரதியிலதான் கை வைப்பன்."

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"நாள்கணக்காகும்."

அவர் மர வாங்கில் அமர்ந்துவிட்டார். அவசரம் என்னவென்று பிறகுதான் சொன்னார். நோர்வேயிலிருந்து சுமதி என்று ஒரு பெண் வருகிறாள். நயினாதீவு ஆள். தாய் இறந்தபோது அவளுக்கு அங்கே இருக்க விசாக் கிடைத்திருக்கவில்லை, வர முடியவில்லை. அப்போது அனுப்பிய டீவீடியைப் பல வருடமாகத் திறந்தே பார்க்காமல் வைத்திருந்து, ஒருநாள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு போட்டபோது அது ஓடவில்லை. இப்போது முதல் தடவையாக ஊருக்கு வருகிறாள். வந்ததும் அந்த வீடியோவைப் பார்க்க வேண்டும், வெட்டி ஒட்டாமல் எடுத்தது எடுத்தபடி வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.

"நான் ஓம் எண்டிட்டன் தங்கச்சி. இருக்கெண்டு சொல்லிப்போட்டன்."

பிரதி எடுத்து முடிந்தது. டிஸ்க்கின் தலையில் இருந்த பெயர்ப் பட்டியல் போய்விட்டது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன, எந்தத் தேதி என்ற விவரம் எதுவும் இல்லை. ஆனால் உள்ளே வீடியோக்கள் பெரும்பாலும் அப்படியே கிடந்தன. மென்பொருளை ஓடவிட்டு ஒவ்வொன்றாக அள்ளி எடுத்தேன். இலக்கம் மட்டும் உள்ள ஆயிரக்கணக்கான துண்டுகள். எது யாருடைய செத்தவீடு என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

பகலில் கடையில் வேறு வேலை. அதனால் பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பின்னேரங்களில் பார்த்தேன். என் வீட்டில் நான் மட்டும்தான். அண்ணன்மார் இரண்டு பேரும் லண்டனில். அவர்களுடைய அறைகளைப் பூட்டி வைத்திருக்கிறேன். குசினியில் அடுப்படியோடு இருந்த மேசையில் கொம்பியூட்டரை வைத்துக்கொண்டு, ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு, தெரியாத ஆட்களின் செத்தவீடுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உங்களுக்கும் இப்படி வரும். யாரும் சொல்லித் தருவதில்லை, நான் சொல்கிறேன்: மற்றவர்களுடைய டிஸ்க்குக்குள் கனநேரம் இருந்தால் அது உங்களுக்குள்ளும் வந்துவிடும். தெருவில், ஒழுங்கையில் போகிறபோது எதிரே வருகிறவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். யோசித்தால், அவர் கொள்ளிக்குடத்தோடு போனதைப் பார்த்திருப்பீர்கள். அவருக்கு உங்களைத் தெரியாது.

பழைய துண்டுகளில் முற்றம் நிறையச் சனம் இருந்தது. வருடம் போகப் போகக் கதிரைகள் அதேயளவு, ஆட்கள் குறைவு. கதிரை வாடகைக்கு விடுகிறவர் பழைய கணக்கிலேயே இறக்கிவிட்டுப் போயிருப்பார் போலும். சனம் பிரேதப் பெட்டியைப் பார்ப்பதைவிடக் கமராவைத்தான் அதிகம் பார்த்தது. ஒரு கிழவர் கமராவுக்குக் கிட்ட வந்து, "தம்பி, வடிவாப் பார். அப்பா நித்திரை கொள்ளுற மாதிரித்தான் இருக்கிறார்," என்று சொல்கிறார். அந்தத் தம்பி எந்த நாட்டில் எந்த அறையில் இருந்து அதைப் பார்த்தானோ தெரியாது. நானும் என் குசினியில் இருந்து பார்த்தேன்.

நெடுந்தீவில் ஒரு வீடு. கல் வேலி, உள்ளே ஏழெட்டுப் பேர், பெரும்பாலும் வயதானவர்கள். பெட்டி தூக்கும் நேரம் வருகிறது. படம் திடீரென்று அசையாமல் நிற்கிறது. கமராவை ஸ்ராண்டில் பூட்டியிருக்கிறார் என்று விளங்கியது. கொஞ்ச நேரத்தில் ராசன் அண்ணையே படத்துக்குள் வருகிறார். போட்டிருந்த சேட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, குனிந்து, பெட்டியின் பின் மூலைக்குத் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போகிறார். அதன் பிறகு வெறும் முற்றமும் வேலியில் கிடக்கும் சேட்டும்தான். பற்றரி முடியும் வரைக்கும் அதுவே ஓடியது.

அடுத்த நாள் அவரிடம் கேட்டேன்.

"அண்ணை, நெடுந்தீவில நீங்களே தூக்கிக்கொண்டு போனீங்களோ?"

"நாலு பேர் வேணுமெல்லோ," என்றார்.

அவரும் நானுமாக இருந்து ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைத்தோம். அவருக்கு முகங்களைவிட வீடுகள் நன்றாக ஞாபகம் இருந்தன. கேற்றைப் பார்த்து, கிணற்றடியைப் பார்த்து, யார் என்று சொல்லிவிடுவார். டிஸ்க்கின் தலைப்பகுதிக்கு வந்தபோதுதான் அவர் பேச்சுக் குறைந்தது. பழையவற்றைத்தான் அவர் புதிய டிஸ்க்கில் முதலில் ஏற்றியிருந்தார். கடைசி நாள் ஒன்றாக ஏற்றிய இரண்டு மூன்று செத்தவீடுகள் போர்ட்டின் எண்ணிக்கையைத் தாண்டிச் சுற்றி வந்து, அந்தப் பழையவற்றின் மேலேயே விழுந்திருந்தன. சுமதியின் தாயின் செத்தவீடு இருந்த இடத்தில் அதற்கு முந்தின மாதம் இறந்த ஒரு தபால்காரருடைய செத்தவீடு இருந்தது.

மிஞ்சியது ஒரேயொரு துண்டு. பெட்டி முற்றத்துப் படலை வாசலைத் தாண்டிய பிறகு, ராசன் அண்ணை பற்றரி எடுக்க வீட்டுக்குள் ஓடிவந்து, நிறுத்த மறந்த கமராவை ஒரு கதிரையில் வைத்திருக்கிறார். படம் சரிந்து கிடக்கிறது. விறாந்தை, பாதி முற்றம், பறைச்சத்தம். அறைக்குள்ளிருந்து ஒரு மனிசி வெளியே வருகிறா. கையில் ஒரு சின்ன நோக்கியா போன். அதைத் திருப்பிப் பார்க்கிறா, சேலைத் தலைப்பால் துடைக்கிறா, சுவரோடு சாய்ந்து நிற்கிறா. பிறகு ராசன் அண்ணையின் கை வந்து கமராவை மூடுகிறது. அவ்வளவுதான்.

"இது வெட்டி எறியிற துண்டு," என்றார் ராசன் அண்ணை. "இதைக் கொண்டுபோய் அந்தப் பிள்ளையிட்ட எப்பிடிக் குடுக்கிறது?"

அவர் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டார்.

"தங்கச்சி, ஒண்டு சொல்லுறன், கோவிக்காதையும். அதே ஒழுங்கையில, அடுத்த வருசம், இன்னொரு அம்மாவின்ர செத்தவீடும் நான்தான் எடுத்தனான். அது முழுசா இருக்கு. பந்தலும் ஒண்டு, ஐயரும் ஒண்டு, பறைகாரரும் அதே ஆக்கள். கிட்டத்தில முகம் தெரியிறதுகளை எடுத்துப்போட்டு, ஊர்வலத்தையும் சுடலையையும் மட்டும் இதோடை சேர்த்து ஒட்டிவிட்டா... அந்தப் பிள்ளைக்கு ஆறுதலா இருக்குமெல்லோ. அவள் அண்டைக்கு அங்க நிக்கேல்லையே. எப்பிடித் தெரியும்?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. அதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். யாரோ தெரியாதவருக்குச் சேட்டைக் கழற்றிப்போட்டுத் தோள் கொடுத்த மனிதர்தான் இதையும் கேட்டார். அவருக்கு அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்லத் தைரியம் இல்லை. எனக்கும் அந்த நிமிடம் மனம் தளம்பியது. ஒட்டுவது ஒரு பின்னேர வேலை. கண்டுபிடிக்க யாரும் இல்லை.

"என்னால ஏலாது அண்ணை," என்றேன்.

"உமக்கென்ன. கடைக்குள்ள இருக்கிறீர். அவளுக்கு முன்னால போய் நிக்கப்போறது நான்."

"இல்லை. நான் சொல்லுறன். அவவை இஞ்சை கூட்டிக்கொண்டு வாங்கோ."

டிஸ்க்கைத் திறந்து பார்த்தவர் எவரோ, அவரே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். கடைக்காரர் கையிலோ, போனிலோ, துண்டுக் கடதாசியிலோ விட்டுவிடக் கூடாது. எத்தனை வேலையில் தோற்றாலும் இதை மட்டும் நான் விட்டதில்லை.

சுமதி வந்தாள். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். தோளில் பை, கையில் இன்னும் பிரிக்காத தண்ணீர்ப் போத்தல். ராசன் அண்ணை வாசலோடு நின்றுகொண்டார். நான் கதிரையை எடுத்துப் போட்டு இருக்கச் சொல்லி, சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

"அம்மாவின்ர வீடியோ அழிஞ்சு போச்சு. திருப்பி எடுக்க ஏலாது. ஒரேயொரு சின்னத் துண்டு மிஞ்சியிருக்கு. அதில அம்மா இல்லை."

அவள் அழவில்லை. "வேற ஆரிட்டையாவது குடுத்துப் பார்த்தால்?" என்று கேட்டாள்.

"கொழும்புக்குக் கொண்டுபோறதெண்டா டிஸ்க்கைத் தாறன். ஆனா அந்த இடத்தில வேற வீடியோ எழுதப்பட்டிருக்கு. கீழ இருந்ததை ஆராலையும் எடுக்கேலாது. பொய் நம்பிக்கை தர விருப்பமில்லை."

அவள் தலையை ஆட்டிவிட்டு, போத்தலின் மூடியைத் திருகித் திருகிப் பூட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தானாகவே சொல்லத் தொடங்கினாள்.

"எனக்கு முழு வீடியோவும் தேவையில்லை அக்கா. ஒரு இடம்தான் பார்க்கவேணும் எண்டு வந்தனான். அண்டைக்கு நான் நோர்வேயில இருந்து போன் எடுத்தனான். அம்மாவின்ர காதுக்குக் கிட்ட வைக்கச் சொன்னனான். ஆரோ வைக்கிறம் எண்டிச்சினம். நான் கதைக்கத் தொடங்கினன். கொஞ்ச நேரத்தில அந்தப் பக்கத்துச் சத்தமெல்லாம் நிண்டு போச்சு. பறையும் கேக்கேல்லை, அழுறதும் கேக்கேல்லை. லைன் போச்சோ, போனை எடுத்துப்போட்டினமோ, தெரியேல்லை. நான் நிப்பாட்டேல்லை. கதைச்சுக்கொண்டே இருந்தனான்."

"பிறகு ஆரிட்டையும் கேக்கேல்லையோ?"

"கேட்டா என்ன சொல்லுவினம்? 'ஓம், எல்லாம் கேட்டவ, நிம்மதியாப் போனவ' எண்டுதான் சொல்லுவினம். நான் அதை நம்பமாட்டன். அதுதான் வீடியோவில பார்ப்பம் எண்டு..."

வாசலில் நின்ற ராசன் அண்ணை முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் சொன்னபடி ஒட்டிக் கொடுத்திருந்தால், அதில் தாயின் காதடியில் போன் இருந்திருக்காது. அவள் ஒவ்வொரு நொடியாக நிறுத்தி நிறுத்தித் தேடியிருப்பாள். ஒரு கையும் காதுக்குக் கிட்டப் போனைப் பிடித்திருக்கவில்லை என்று கண்டு, அதையே மீதிக் காலம் முழுக்கச் சுமந்திருப்பாள். ஆறுதலுக்கு என்று நாங்கள் செய்தது அந்த வேலையைப் பார்த்திருக்கும். உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியலாம். அதைக் கொண்டுவந்தவர் அதற்குள் எதைத் தேடுகிறார் என்று நமக்குத் தெரியாது. ஆகவே இருப்பதை இருக்கிறபடி கொடுங்கள். இல்லாததை இல்லை என்று சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

மிஞ்சிய துண்டைப் போட்டுக் காட்டினேன். சரிந்த விறாந்தை. பறை. அந்த மனிசி வெளியே வந்தபோது சுமதி திரையில் விரலை வைத்தாள்.

"பூமணி மாமி," என்றாள். "பக்கத்து வீடு. கையில போன்."

திரும்பவும் போடச் சொன்னாள். போட்டேன்.

"இவ இருக்கிறாவோ?" என்று ராசன் அண்ணையைக் கேட்டாள்.

"இருக்கிறா. தனியத்தான் இருக்கிறா," என்றார் அவர்.

போகும்போது சுமதி என்னிடம் கேட்டாள்: "அக்கா, நீங்களும் வருவியளோ? அந்த வீட்டுக்கு முன்னால தனியப் போய் நிக்க எனக்கு ஏலாது." கடைக்காரர் வேலை இதோடு முடிந்துவிட்டது என்று நினைக்கலாம். ஆனால் என்னோடு வா என்று என்னைக் கேட்டவர்கள் குறைவு. வருகிறேன் என்றேன்.

சனிக்கிழமை அவள் வந்த பஸ்ஸில் வேலணையில் நானும் ஏறிக்கொண்டேன். குறிகட்டுவான் துறையில், நயினாதீவுக்குப் போகிற படகு முழுக்க அம்மனுக்குப் போகிற சனம். புத்த விகாரைக்குப் போகிற தெற்குச் சனமும் வெள்ளை உடுப்போடு இருந்தது. பூத்தட்டு, பிள்ளைகளின் சத்தம், போன்களில் படம் எடுக்கிற ஆரவாரம். நயினாதீவில் இறங்கியதும் எல்லோரும் கோயில் பக்கமும் விகாரைப் பக்கமுமாகப் போய்விட்டார்கள். உள்ளே திரும்பியது நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஒழுங்கையில் பத்து வீட்டுக்கு எட்டு பூட்டிக் கிடந்தது. சுமதியின் வீட்டுக் கேற்றில் பூட்டு இறுகித் துருப்பிடித்திருந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிற்காமல் அடுத்த படலைக்கு நடந்தாள்.

பூமணியம்மா முற்றத்தில் அவித்த பனங்கிழங்கைப் பாயில் பரப்பிப் புளுக்கொடியல் காயவைத்துக்கொண்டிருந்தா. சுமதி தான் யார் என்று சொன்னதும் இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவேயில்லை. தேத்தண்ணி வைக்க எழும்பியவவைச் சுமதி இருத்தினாள்.

"மாமி, அம்மாவின்ர செத்தவீட்டைப் பற்றிக் கேக்க வந்தனான்."

"என்னத்தைப் பிள்ளை சொல்லுறது? இந்த ஒழுங்கையில எத்தினை பேரை அனுப்பிப்போட்டன். எல்லாம் ஒண்டோடை ஒண்டு கலந்துபோச்சு."

நான் என் போனில் அந்தத் துண்டைப் போட்டு அவவின் கையில் கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா.

"உது நான். ஓம், உந்தச் சேலை அண்டைக்குக் கட்டினதுதான்."

"கையில போன் வைச்சிருக்கிறியள் மாமி."

"என்ர போன்தான். நீ எடுத்தனீ."

"பிறகு என்ன நடந்தது? என்னை ஆறுதல்படுத்த வேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கோ."

பூமணியம்மா என்னைப் பார்த்தா, அவளைப் பார்த்தா. போனை என்னிடம் திருப்பித் தந்தா.

"நீ பெரிசாக் குளறினனீ. முற்றத்தில நிண்டவைக்கும் கேட்டது. நான் போனை உன்ர அம்மாவின்ர காதடியில வைச்சுப் பிடிச்சனான். 'அம்மா, நான் வாறன், கட்டாயம் வாறன்' எண்டு சொன்னனீ. அவ்வளவுந்தான் கேட்டது. பிறகு சத்தமில்லை. எடுத்துப் பார்த்தனான், வெளிச்சமும் இல்லை. சார்ஜ் முடிஞ்சுபோச்சு."

சுமதி கண்ணை மூடிக்கொண்டாள். இவ்வளவு வருடமும் அவள் பயந்தது அதைத்தான்.

"அப்ப எடுத்து வைச்சிட்டியள்."

"இல்லை. திரும்ப வைச்சனான்."

"வேலை செய்யாத போனையோ?"

"ஓம்."

"ஏன் மாமி?"

"நீ அங்க கதைச்சுக்கொண்டிருப்பாய் எண்டு எனக்குத் தெரியுமெல்லோ," என்றா பூமணியம்மா. "நீ கதைச்சுக்கொண்டிருக்க நான் எப்பிடிப் பிள்ளை எடுக்கிறது? பெட்டி மூடுமட்டும் பிடிச்சுக்கொண்டுதான் நிண்டனான். கை உளைஞ்சது. மற்றக் கையால முண்டு குடுத்தனான்."

வலது கையைக் காதளவுக்கு உயர்த்தி, இடது கையால் முழங்கையைத் தாங்கி, எப்படி நின்றா என்று காட்டினா.

சுமதி அந்தக் கையையே பார்த்தாள். "கதைச்சனான் மாமி," என்றாள். "நிப்பாட்டாமல் கதைச்சனான்."

"என்ன சொன்னனீ?"

சுமதி நிலத்தில், புளுக்கொடியல் பாயின் ஓரத்தில் இருந்தாள். அவளுடைய முகம் பூமணியம்மாவின் முழங்காலுக்குக் கிட்ட இருந்தது. மெதுவாகச் சொல்லத் தொடங்கினாள். அது எனக்குக் கேட்க வேண்டியது இல்லை. எழும்பிப் படலைக்கு வெளியே வந்து, பூட்டிய வீடுகள் இருந்த ஒழுங்கையில் நின்றேன்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. உள்ளே அவளுடைய குரல் விட்டுவிட்டுக் கேட்டது, இடைக்கிடை "ம்" என்று பூமணியம்மாவின் குரலும் கேட்டது. துறையில் கடைசிப் படகு ஊதியது. கோயிலுக்கு வந்த சனம் ஒழுங்கை முனையால் விரைந்து போவது தெரிந்தது. நான் அவளைக் கூப்பிடவில்லை. படகு போய்விட்டது.